வெள்ளையாக இருந்த பதிவேடு

எங்கள் கணக்குப் பிரிவில் பிழைப் பதிவேடு என்று ஒரு நீளமான நோட்டு உண்டு. தவறான தலைப்பில் ஏறிவிட்ட செலவு, எண் மாறிப்போன வவுச்சர், தேதி பிசகிய பற்று என்று எது நடந்தாலும் சம்பந்தப்பட்டவரே அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான் பிரிவுப் பொறுப்பை ஏற்ற முதல் வாரத்தில் தொடங்கிவைத்த ஏற்பாடு. முதல் மாதம் 4 பதிவுகள் விழுந்தன. இரண்டாம் மாதம் ஒன்றே ஒன்று. அதன் பிறகு 7 மாதங்கள் தாள்கள் வெள்ளையாகவே கிடந்தன. மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் அந்த நோட்டை எடுத்து, கடைசிப் பதிவின் தேதி தெரியும்படி திருப்பி வைப்பேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், எங்களுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் கணக்காளர் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, ஒரே பில்லுக்கு எங்களுக்கு இரண்டு முறை பணம் வந்திருக்கிறது. திருப்பி அனுப்பட்டுமா, அடுத்த பில்லில் கழித்துக்கொள்கிறீர்களா?" அவர் குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் கோபித்துக்கொண்டாவது தப்பித்திருப்பேன்.

தேடிப் பார்த்தேன். பில் எண் ஒருமுறை 0417 என்றும், இன்னொருமுறை 417 என்றும் பதிவாகியிருந்தது. முன்னால் நிற்கும் அந்தச் சுழியம் இருந்தால் ஒரு பில், இல்லாவிட்டால் வேறொரு பில் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. நேர்மையான முட்டாள்தனம். இரண்டாம் முறை பதிந்தவர் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர். கூப்பிட்டுக் கேட்டேன்.

"தெரியும், மேடம்."

"எப்போதிலிருந்து?"

"11 நாளாக."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு வெகுநேரம் பதில் வரவில்லை. பிறகு, "இரண்டு முறை வந்தேன், மேடம். காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தீர்கள். அப்புறம் நாள் ஆக ஆகச் சொல்ல முடியாமல் போய்விட்டது" என்றார்.

காதில் மாட்டியிருந்தது என்ன என்பதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்போது என் இரத்த அழுத்தம் 150க்கு 96. கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் பார்த்ததால் அப்படி என்று மருத்துவரிடம் வாதாடினேன். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் இறங்கவில்லை. மாத்திரைக்கு முன்னால் மூன்று மாதம் நடந்து பார்க்கலாம் என்றார். எவ்வளவு வேகம் என்று கேட்டேன். "கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது." இவ்வளவு தெளிவான ஓர் அளவுகோலை எந்தக் கருவியிலும் நான் பார்த்ததில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஐந்து நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு அரை மணி நேரம். தினமும் 10,000 அடி நடந்தே ஆக வேண்டும் என்பதெல்லாம் மருத்துவத்தில் பிறந்த கணக்கு இல்லை. 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவுக் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவியது. கணக்குக்காரியாகிய எனக்கு இதைத் தெரிந்துகொண்டபோது ஒரு அற்ப சந்தோஷம்.

உட்கார்ந்தே செய்யும் வேலை உடம்பை என்ன செய்கிறது என்பதை முதலில் எண்ணிக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று லண்டன் பஸ்களில் நடந்தது. ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953இல் வெளியிட்டார்கள். மாடி பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுதும் படியேறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே பாதை, ஒரே புகை. இதய நோய் ஓட்டுநர்களிடம் கூடுதலாக இருந்தது, நடத்துநர்களிடம் குறைவு. அதைப் படித்த அன்று எங்கள் அலுவலக உதவியாளர் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறிப்போவதைப் பார்த்தேன். என்னைவிட 8 வயது மூத்தவர். மூச்சு வாங்கவில்லை. மோரிஸ் தாமும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை போலும். 99 வயது வரை வாழ்ந்தார்.

நடையை மருத்துவர் சொன்னார். இசை நானாகச் சேர்த்துக்கொண்டது. மாலை 3 மணிக்கு மேல் தலைக்குள் ஒரு இரைச்சல் தொடங்கும். யாரோ எங்கோ ஏதோ தவறாகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம். அதை அடக்கப் பாட்டுக் கேட்க ஆரம்பித்தேன். முதலில் பழைய பாடல்கள். ஒரு வாரம் சுகமாகப் போயிற்று. பிறகு ஒரு வவுச்சரின் விவரக் குறிப்பில் "போக்குவரத்துச் செலவு நிலவே" என்று தட்டச்சு செய்திருந்ததைக் கடைசி நிமிடத்தில் கண்டுபிடித்தேன். சொற்கள் உள்ள பாட்டு, சொற்கள் உள்ள வேலையோடு சண்டை போடும். படிக்கவும் எழுதவும் மூளை எதைப் பயன்படுத்துகிறதோ அதையே பாட்டின் வரியும் வந்து பிடித்து இழுக்கிறது. அன்றிலிருந்து வாய்ப்பாட்டை விட்டுவிட்டேன். புல்லாங்குழல், வீணை, அதுவும் விளம்ப காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில். ஆலாபனை போகிற வேகத்துக்கு மூச்சும் இறங்கிவரும். மூச்சு நீளமாக வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாவது எல்லோருக்கும் உள்ள உடற்கூறு; மணிக்கட்டில் விரல் வைத்தாலே சிலருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது.

ஆகவே தினமும் 3 மணி முதல் 4 மணி வரை என் காதில் இசை. கதவு திறந்துதான் இருக்கும், கண் மூடியிருக்கும். இரத்த அழுத்தம் நான்கு மாதத்தில் 134க்கு 86 ஆயிற்று. நான் அமைதியான மனுஷியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என் பிரிவில் பிழைகளும் இல்லை. நோட்டைத்தான் பார்த்தீர்களே.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அன்று நான் நடந்துகொண்ட விதத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. குரலை உயர்த்தவில்லை. அதைவிட மோசம்: தாழ்த்தினேன். பதிவேட்டை எடுத்து, அவருடைய பெயரை நானே எழுதி, பில் எண்ணை எழுதி, அவர் பக்கம் நகர்த்தி, பேனாவைத் திறந்து கொடுத்தேன். அவர் கையெழுத்திட்டார். ஐந்து மேசைகளில் ஐந்து பேர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரலும் அசையவில்லை.

அதன் பிறகு இரண்டு வாரம் என் அறைக்கு யாரும் தேவையில்லாமல் வரவில்லை. நானோ தேவைக்கு மேல் வெளியே போனேன். எல்லா மின்னஞ்சலிலும் என் பெயரை நகலில் சேர்க்கச் சொன்னேன். ஒரே வேலைக்கு நாளில் நான்கு முறை "முடிந்ததா?" என்று கேட்டேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலிருந்த ஒருவர், நாற்காலிக்குப் பின்னால் வந்து சத்தமில்லாமல் நிற்பார். அவருடைய மூச்சு என் பிடரியில் படும். அவர் நிற்கும்போது 6ஐ 9 என்று அடிப்பேன், போனதும் திருத்துவேன். இந்த மாதிரி ஆளாக ஒருநாளும் ஆகக் கூடாது என்று அப்போது சபதம் எடுத்தவள் நான். நாற்காலிக்குப் பின்னால் நிற்காமலே அந்த வேலையைச் செய்ய மின்னஞ்சல் வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நாட்களில்தான் எமி எட்மண்ட்சனின் ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஹார்வர்டில் நிர்வாகவியல் பேராசிரியர். 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராயப் போனார். நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்கள் தலைகீழாக வந்தன. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்தார்கள் என்று முடிவுகட்டாமல் தோண்டியபோது தெரிந்தது: அங்கே தவறைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார்கள், மற்ற இடங்களில் மறைக்கிறார்கள்.

படித்துவிட்டு நோட்டைத் திறந்தேன். 7 மாத வெள்ளைத் தாள். ஆறு பேர், மாதத்துக்கு நூற்றுக்கணக்கான பதிவுகள், ஒரு பிழைகூட இல்லையாம். வேறொரு அலுவலகத்தில் தணிக்கைக்குப் போய் இப்படி ஒரு பதிவேட்டைப் பார்த்திருந்தால் முதல் வேலையாக அதைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். என் சொந்த நோட்டு என்பதால் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கை என்றால் சரிபார்ப்பதை விட்டுவிடுவது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். கணக்குத் துறையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பதிபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்ற முறை என் பாட்டி காலத்துப் பேரேட்டுக்கும் பொருந்தும், இன்றைய மென்பொருளுக்கும் பொருந்தும். எங்கள் கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைப் போடாத மாதம் மாதமே இல்லை. அந்தச் சரிபார்ப்பு எல்லோருக்கும் பொது. யார் முகத்தையும் பார்த்து வைத்ததில்லை. என் "முடிந்ததா?" அப்படியில்லை, அது முகத்தைப் பார்த்து வந்தது. ஒருவரை நம்புவதற்குத் திறமை, நல்லெண்ணம், நேர்மை ஆகிய மூன்றையும் மனிதர்கள் எடைபோடுவதாக மேயர், டேவிஸ், ஸ்கூர்மேன் என்ற மூவர் 1995இல் எழுதினார்கள். அதை வைத்து எங்கள் இளைஞரை எடைபோட உட்கார்ந்தேன். திறமை உண்டு, நேர்மை என்று வரும்போது அந்த 11 நாள் இடித்தது. அப்புறம் அதே தராசில் அவர் என்னை வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்தேன். நல்லெண்ணம் என்ற தட்டில் ஒன்றுமே இல்லை.

அமெரிக்காவில் விமானத் துறைக்கென்று 1976 முதல் ஒரு முறை இருக்கிறது. விமானி தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். நாசா அதை வாங்கி, பெயரை நீக்கிவிட்டு, பாடத்தை மட்டும் எல்லோருக்கும் சொல்கிறது. வேண்டுமென்று செய்யாத மீறலாக இருந்து, 10 நாளுக்குள் எழுதியிருந்தால், வழக்கமாக அபராதமும் தள்ளுபடி. எங்கள் இளைஞர் அங்கே இருந்திருந்தால் ஒரு நாளில் தவறவிட்டிருப்பார். என் நோட்டிலோ பெயர்தான் முதல் பத்தி. பிழை மூன்றாவது பத்தி.

இசையைப் பற்றியும் ஒரு அடி வாங்கினேன். இத்தாலியின் பாவியா நகரில் லூச்சியானோ பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு. 24 பேர், பாதிப்பேர் இசைக்கலைஞர்கள். ஆறு வகை இசையைக் கேட்கவைத்து மூச்சையும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். அந்த ஆறில் இந்திய ராக இசையும் ஒன்று. வேகமான இசைக்கு எல்லாம் ஏறின. அது எதிர்பார்த்தது. நடுவில் எங்கோ ஒரு இடத்தில் 2 நிமிட மௌனத்தைச் செருகியிருந்தார்கள். அந்த மௌனத்தில்தான் துடிப்பும் அழுத்தமும் மூச்சும் இசை தொடங்குவதற்கு முன்பிருந்த அளவைவிடக் கீழே இறங்கின. இசை ஓடும்போது கிடைத்ததைவிட அது நின்றபோது உடம்புக்குக் கிடைத்த ஓய்வு அதிகம்.

நானோ ஒரு மணி நேரம் இடைவெளியே இல்லாமல் ஓடும்படி வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இரண்டு விநாடியைக்கூட அமைப்பில் போய் நீக்கியிருந்தேன். அந்த இடைவெளியில் கதவருகே ஒருவர் நின்று செருமியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். இரண்டு முறை வந்தாராம்.

இப்போதும் கேட்கிறேன், 20 நிமிடம் மட்டும். பிறகு கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்கிறேன். தாலாட்டுக்குப் பேர்போன நீலாம்பரியை அலுவலகத்தில் கேட்கக் கூடாது என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன். காரணம் கேட்காதீர்கள்.

நடை மட்டும் அதுவரை தடையில்லாமல் போய்க்கொண்டிருந்ததா என்றால், இல்லை. முதல் மூன்று முயற்சிகளும் ஒரே மாதிரி செத்தன. நாட்காட்டியில் தினமும் ஒரு டிக் போடுவேன். ஒரு நாள் மழை, ஒரு நாள் தலைவலி என்று கட்டம் காலியாகும். காலியான கட்டத்தைப் பார்த்ததும், "இனி என்ன, கெட்டுப்போயிற்று" என்று மொத்தத்தையும் விட்டுவிடுவேன். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து, ஒரு புதிய பழக்கம் படிவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று கண்டார்கள். சிலருக்கு 18 நாளில் படிந்தது, சிலருக்கு 254 நாள்வரை தேவைப்படும் போலிருந்தது. 21 நாள் என்ற பேச்சை மறந்துவிடலாம். எனக்கு அதில் பிடித்தது வேறு: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவதில் சொல்லும்படியான சேதம் இல்லை. அதைப் படித்த பிறகுதான் காலிக் கட்டத்தைத் தாண்டி அடுத்த நாள் செருப்பை மாட்டக் கற்றுக்கொண்டேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட அந்தச் சலுகையை, ஒரு சுழியத்தை விட்டுவிட்ட ஒருவருக்குக் கொடுக்கத் தோன்றவில்லை என்பது வேறு கதை. வேறு கதையா? அதே கதைதான்.

நடப்பதற்கு நான் வைத்திருந்த நேரங்களில் ஒன்று மதிய இடைவேளை. கட்டடத்தைச் சுற்றி ஒரு சுற்று 4 நிமிடம். மூன்று சுற்று. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டாவது சுற்றில் அந்த இளைஞர் எதிரே வந்தார். ஒதுங்கி நின்றார். "நடக்க வருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. மறுக்கத் தெரியாமல் வந்தார்.

அரைச் சுற்று ஒன்றும் பேசவில்லை. அருகருகே நடப்பதில் ஒரு வசதி உண்டு. எதிரெதிரே உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்தாக வேண்டும். நடக்கும்போது இருவருக்கும் முன்னால் பாதைதான் இருக்கிறது. பேச்சு நின்றாலும் கால்கள் நிற்பதில்லை, அதனால் மௌனம் அவ்வளவு கனக்காது. மூன்றாவது சுற்றின் திருப்பத்தில், பாதையைப் பார்த்தபடியே அவர் கேட்டார்:

"மேடம், ஒன்று கேட்கலாமா? தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது."

"கேளுங்கள்."

"அந்த இரண்டாவது வவுச்சரில் ஒப்புதல் கையெழுத்து உங்களுடையது."

நடந்துகொண்டே இருந்தோம். பேச முடிகிற வேகம்தான், எனக்குத்தான் பேச்சு வரவில்லை. அவர் சொன்னது சரி. 0417க்கும் ஒப்புதல் தந்தது நான். 9 நாள் கழித்து 417க்கு ஒப்புதல் தந்ததும் நான். எல்லாவற்றையும் இருமுறை பார்ப்பவள், பார்த்துப் பார்த்தே கண் மரத்துப்போய் அதையும் தள்ளிவிட்டிருக்கிறேன். தொலைபேசி வந்த அன்றே அந்தத் திரையில் என் பெயரின் முதலெழுத்தைப் பார்த்தேன். பார்த்தும் பதிவேட்டில் அவர் பெயரை மட்டும் எழுதினேன். 11 நாள் மறைத்தார் என்று அவரை எடைபோட்டேனே, என்னுடையது அதற்குள் 17 நாள் ஆகியிருந்தது.

மாடிக்குப் படியில் ஏறினோம். நோட்டை எடுத்து அவருடைய பதிவுக்குக் கீழே எழுதினேன். தேதி. பில் எண். ஒரே பில்லுக்கு இருமுறை ஒப்புதல் தரப்பட்டது. காரணம் என்ற இடத்தில் சற்று நேரம் பேனா நின்றது. "கவனிக்கவில்லை" என்று எழுதினேன். கையெழுத்திட்டேன். முதல் பத்தியில் இருந்த "பெயர்" என்ற தலைப்பை அடித்துவிட்டு "என்ன நடந்தது" என்று மாற்றினேன்.

அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "நோட்டைக் கொஞ்சம் கொடுங்கள், மேடம்" என்றார். தன் மேசைக்குக் கொண்டுபோய், இரண்டு வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன்: சேர்ந்த முதல் மாதத்தில் வாடகைக் கணக்கில் போட வேண்டிய ஒன்றைப் பராமரிப்பில் போட்டிருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது.

மூன்றாவது மேசையிலிருந்து, 9 வருடமாக அங்கே வேலை பார்ப்பவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை மட்டும் நீட்டினார்.

"எழுதி முடித்ததும் இப்படிக் கொடுங்கள் தம்பி."